கெணத்துல விழுந்த மதிப்பெண்

‘கிணற்றில் தண்ணீர் இல்லை’ என்று அச்சில் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையன் விரலை நகர்த்தி, ‘கெணத்துல தண்ணி இல்ல’ என்கிறான். தாளில் மூன்று சொல்லுக்கு மூன்று பிழை. அடுத்து வரும் சிறுமி எழுத்துக்கூட்டிப் பிசகாமல் முடிக்கிறாள். எதில் தண்ணீர் இல்லையாம் என்றால் விழிக்கிறாள். அவள் கணக்கில் பிழையே இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கும் நமக்கு இந்த இருவரையும் நன்றாகத் தெரியும்.

2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிரிக்கும்போது எதை அளக்கிறோம் என்பதில் நாம் கொஞ்சம் அவசரப்படுகிறோம்.

பையன் எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்லியிருக்கிறான். எழுத்து வழக்கு அவனுக்குப் பழக வேண்டும், உண்மை. அது வாசிக்கத் தெரியாமை ஆகாது. ‘மழை’யை ‘மளை’ என்பதும் அப்படியே. அந்தப் பிழையைப் போட்டால் இந்த வட்டாரத்தில் பெரியவர்களே பலர் தேறமாட்டோம். பாடத்தில் ‘ஏரி’ என்று படித்துவிட்டுக் கதை சொல்லும்போது ‘கண்மாய்’ என்கிற பிள்ளை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது கடிகாரம். 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் என்கிறது. தமிழில் சொல் என்பது எவ்வளவு நீளம்? ‘அவன் போனான்’ இரண்டு சொல், ஆறு எழுத்து. ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ ஒரே சொல், பன்னிரண்டு எழுத்து. பத்தியை மாற்றினாலே வேகம் மாறிவிடும். ஆகவே சொல்லோடு எழுத்தையும் எண்ணுங்கள். ஒரே பத்தியை நம்பாமல் மூன்று பத்தி வாசிக்கவைத்து, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை பூஜ்யம். திணறும் பிள்ளைக்கு எந்தப் பக்கம் குறை என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அதே அளவுள்ள இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கதையைத் திருப்பிச் சொன்னால் சிக்கல் எழுத்தில். உயிர்மெய்க் குறிகளில் எங்கே தடுக்குகிறது என்று பாருங்கள். கேட்டும் சொல்ல முடியாவிட்டால் வேகப் பயிற்சி வீண். அந்தப் பிள்ளைக்குச் சொல்வளம் வேண்டும், பேச்சு வேண்டும், கதை வேண்டும். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு. அந்த மொழியில் கதை சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு முடிவுக்கு வாருங்கள். இதற்கெல்லாம் முன்னால் பார்வையையும் காதையும் சோதித்துவிட வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்று எழுதிய பாவம் நம் தொழிலில் நிறைய உண்டு.

இந்தப் பருவத்தில் பிழை என்று கோடு போடுமுன், பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே பக்கத்தில் எழுதிவையுங்கள். பெயர் வேண்டாம், வகுப்பும் சொல்லும் போதும். எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் தொகுத்து வெளியிடுகிறோம்.