முன்னாள் உறுப்பினர் யாருக்காகப் பேசுகிறார்?

2025 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவுக்குச் செல்லும் பார்சல்களை வாங்குவதை இந்திய அஞ்சல் துறை நிறுத்திவைத்தது. கடிதங்களுக்கும் 100 டாலருக்கு உட்பட்ட பரிசுப் பொருள்களுக்கும் மட்டும் முதலில் விலக்கு இருந்தது. 100 டாலருக்குள் அடங்கும் அசல் காஞ்சிப் பட்டு கிடைப்பது அரிது. 800 டாலர் வரையிலான சரக்கு வரியில்லாமல் உள்ளே போகலாம் என்ற சலுகையை அமெரிக்கா விலக்கிக்கொண்டதே இந்த நிறுத்தத்துக்குக் காரணம். ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் மீதான கூடுதல் வரி 50 சதவீதமானது. நியூஜெர்சியிலும் டல்லஸிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கல்யாணப் புடவைக்குக் காஞ்சிபுரம் காந்தி ரோடு கடைகளைத்தான் நம்பியிருக்கின்றன. ஆவணி முகூர்த்த நேரத்தில் விழுந்த இந்த அடி, கடையைத் தாண்டிப் பிள்ளையார்பாளையத்துத் தறிவரைக்கும் இறங்கியது. அஞ்சல் சேவை மீண்டும் முழுமையாகத் தொடங்க அக்டோபர் 15 ஆனது.

அதே ஆகஸ்டில் வாஷிங்டனில் உள்ள இந்தியத் தூதரகம் ஓர் ஒப்பந்தம் போட்டது. மெர்க்குரி பப்ளிக் அஃபேர்ஸ் என்ற நிறுவனம் இந்தியாவின் தரப்பை அமெரிக்க அரசிடமும் ஊடகங்களிடமும் எடுத்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதங்களுக்கு மாதம் 75,000 டாலர், ஏறக்குறைய 65 லட்சம் ரூபாய். இந்தப் பணிக்கான குழுவில் டேவிட் விட்டர் என்ற பெயர் இருந்தது.

விட்டர் லூசியானா மாநிலத்துக்காரர். 1992-இல் மாநில சட்டமன்றத்தில் நுழைந்தார். 1999-இல் பிரதிநிதிகள் சபைக்கும் 2005-இல் செனட் சபைக்கும் போனார். 2015-இல் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். மறு ஆண்டு செனட் தேர்தலில் நிற்கவில்லை. 2017 ஜனவரியில் பதவி முடிந்ததும் மெர்க்குரியில் சேர்ந்துவிட்டார். லூசியானா கடலோரத்தில் இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் ஏராளம். செனட்டராக இருந்த காலத்தில் அவர்களுக்காக, இறக்குமதியாகும் கடல் உணவுக்குக் கடுமையான சோதனை வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தவர் அவர். 2024-இல் அமெரிக்காவுக்கு மிக அதிகமாக இறால் அனுப்பிய நாடு இந்தியா. அதே மனிதர் இந்தியாவின் வரிச்சுமையைக் குறைக்கும்படி பேச வந்தார். இடையில், பின்னாளில் அமெரிக்க அரசே தடைப்பட்டியலில் சேர்த்த ஹிக்விஷன் என்ற சீனக் கேமரா நிறுவனத்துக்காகவும் வேலை பார்த்தார்.

இப்படி ஒருவர் நேற்று மீனவருக்காகவும் இன்று வெளிநாட்டு அரசுக்காகவும் பேசுவதை எப்படி ஏற்பது என்று வாசகருக்குக் கோபம் வரலாம். வர வேண்டியதும்தான். மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த அறிமுகங்களை, கதவைத் தட்டாமல் உள்ளே போகும் உரிமையை, மாதக் கட்டணத்துக்கு விற்பது சரியான வேலையே அல்ல.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விட்டரைப் பற்றி மேலே சொன்ன ஒப்பந்த விவரம் எதுவும் ரகசிய ஆவணம் அல்ல. வெளிநாட்டு அரசுக்காக வேலை செய்பவர் அமெரிக்க நீதித்துறையில் பதிவு செய்தாக வேண்டும் என்று 1938-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தமும் தொகையும் அங்கே யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கும். உள்நாட்டு நிறுவனங்களுக்காகப் பேசுபவர்களுக்கு 1995-இல் தனிச் சட்டம் வந்தது. பதவி விட்ட செனட்டர் இரண்டு ஆண்டுகளுக்கும், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஓர் ஆண்டுக்கும் தம் பழைய சகாக்களிடம் லாபி செய்யக் கூடாது. கனடாவில் இந்தத் தடை ஐந்து ஆண்டு. இந்தியத் தூதரகம் தன் மக்களின் வரிப்பணத்திலிருந்து லாபிக்கு என்ன கொடுத்தது என்பதை இந்தியர்கள் தெரிந்துகொண்டதும் அமெரிக்கச் சட்டத்தின் தயவில்தான்.

நம்மிடம் இதற்குச் சட்டமே இல்லை.

வால்மார்ட் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். 2012 டிசம்பரில், இந்தியச் சில்லறை வணிகத்தில் நுழைவது உட்பட பல விஷயங்களுக்காக 2008 முதல் சுமார் 25 மில்லியன் டாலர் செலவிட்டதாக அந்த நிறுவனம் அமெரிக்காவில் தாக்கல் செய்த கணக்கு வெளியே வந்தது. நாடாளுமன்றம் கொந்தளித்தது. அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முட்கல் தலைமையில் விசாரணை வைத்தது. அறிக்கை வந்தது, அதோடு சரி. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு பெருநிறுவனங்களின் லாபிக்காரர் நீரா ராடியாவின் தொலைபேசி ஒலிப்பதிவுகள் வெளியானபோதும் நாடே அதிர்ந்தது. பதிவுச் சட்டம் மட்டும் வரவில்லை. 2013-இல் ஒடிசாவைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் காலிகேஷ் நாராயண் சிங் தேவ், லாபி நடவடிக்கைகளை வெளிப்படுத்தக் கோரும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த மக்களவையோடு அதுவும் காலாவதியானது.

ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஓராண்டுக்குள் தனியார் நிறுவனத்தில் சேர வேண்டுமானால் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். முன்னாள் எம்.பி.க்கும் முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கும் அப்படி ஒரு நாள் தடைகூடக் கிடையாது. முன்னாள் எம்.பி.க்கு மாதம் 31,000 ரூபாய் ஓய்வூதியம், ரயில் பயணச் சலுகை, நாடாளுமன்ற வளாகத்துக்குள் போக அனுமதி எல்லாம் உண்டு. தமிழகத்தில் முன்னாள் எம்.எல்.ஏ. ஓய்வூதியத்தை 35,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2025-இல் வந்தது. பொதுப்பணத்தில் இவற்றைப் பெறுகிறவர், ஒரு தொழில் குழுமத்தின் ஆலோசகராக அமைச்சரின் அறைக்குள் போனால், அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வரி கட்டுபவனுக்கு வேண்டும் அல்லவா?

காஞ்சிபுரத்துக்கு இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், இந்த ஊரின் சோறு அரசாணைகளில் இருக்கிறது. உடலையும் கரையையும் கோர்வையாக இணைத்து, பாவும் ஊடையும் பட்டாக, அசல் சரிகையில் ஒரு புடவை நெய்ய இரண்டு பேரின் பல நாள் உழைப்பு வேண்டும். விசைத்தறி அதே தோற்றத்தை ஒரு நாளில் கொண்டுவரும். நடுவில் நிற்பது 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். முதலில் 22 ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கினார்கள். மில் முதலாளிகளும் விசைத்தறிக்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் பிறகு அந்தப் பட்டியல் 11 ரகங்களாகச் சுருங்கியது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் அமைச்சகத்தில் ஜெயித்தார்கள் என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. எந்தக் கூட்டத்தில், யார் யாரைச் சந்தித்த பிறகு 22 என்பது 11 ஆனது என்பதைக் காட்டும் பதிவேடு எங்கே?

2015-இல் மீதமிருப்பதையும் தளர்த்தப் பேச்சு நடப்பதாகச் செய்தி வந்தது. கைத்தறி ஆர்வலர்கள் மனு திரட்டி எதிர்த்த பிறகே, அப்படி எண்ணமில்லை என்று ஜவுளி அமைச்சகம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7-இல் முதல் தேசியக் கைத்தறி தினத்தைப் பிரதமர் சென்னையில் தொடங்கிவைத்தார். ஐந்து ஆண்டு கழித்து, 2020 ஜூலை இறுதியில், அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. அதற்குப் பெரிய அதிகாரம் இருந்ததில்லை, உண்மைதான். ஆனால் நெசவாளர் தரப்பு டெல்லியில் முறைப்படி உட்கார்ந்து பேச அது ஓர் இடம். அந்த இடம் போனபின் மிச்சமிருப்பது தனிப்பட்ட அறிமுகம் மட்டும். அறிமுகத்துக்கு விலை கொடுக்கக் கூட்டுறவுச் சொசைட்டி நெசவாளரால் முடியாது.

இந்த ஊர்க்காரர் ஒருவர் வேறு மாதிரி பேசியதற்கு வரலாறு இருக்கிறது. 1953-இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, காஞ்சியின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா திருச்சித் தெருக்களில் துணி மூட்டையைத் தோளில் சுமந்து விற்றார். அப்போது அவர் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. கோட்டையில் முதல்வராக இருந்த ராஜாஜியோ, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டெல்லியை வற்புறுத்திக்கொண்டிருந்தார். எதிரெதிர் முகாம்கள்தான். ஆனால் இருவரும் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதே 1953-இல் மில் துணிக்குக் கூடுதல் தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

லாபியே கூடாது என்று சொல்வது நடக்காத காரியம். நெசவாளர் சங்கம் கோட்டைக்கு மனு கொண்டுபோவதும் அந்த வகைதான். அது அவர்களின் உரிமை. கச்சாப் பட்டு இறக்குமதி வரியை 2021 பட்ஜெட் 10-லிருந்து 15 சதவீதமாக்கியபோது, பட்டுக்கூடு வளர்ப்பவருக்கு அது பாதுகாப்பு, புடவை நெய்பவருக்குச் செலவு. இரண்டு தரப்பும் பேசத்தான் வேண்டும். யார் பேசினார், எவர் பணத்தில் பேசினார் என்பது வெளியே தெரிந்தால் போதும்.

ஆகவே சட்டம் வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு அமைச்சரையோ அதிகாரியையோ சந்திப்பவர் பெயர், அவருக்குப் பணம் தருபவர் பெயர், தொகை, பேசிய பொருள் ஆகியவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுப் பார்வைக்கு வர வேண்டும். பதவி முடிந்த எம்.பி., எம்.எல்.ஏ. இரண்டு ஆண்டுகளுக்கு அந்த வேலைக்குப் போகக் கூடாது. போனால் ஓய்வூதியமும் வளாக அனுமதியும் நிற்க வேண்டும். கைத்தறிக்கு வாரியம் போன்ற ஓர் அவை திரும்ப வர வேண்டும், அதில் தறியில் உட்காரும் பெண்ணுக்கும் இடம் இருக்க வேண்டும். மக்களவையில் தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் நேரம் ஒதுக்கப்படுகிறது. 2013 மசோதாவைத் தூசி தட்டி, இந்தத் தடையையும் சேர்த்து, மறுபடி தாக்கல் செய்யக் காஞ்சிபுரம் தொகுதி எம்.பி. அரசை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டத்தொடரில் அவர் அதைச் செய்ய வேண்டும் என்று இந்த ஊர்ச் சொசைட்டிகள் தீர்மானம் போட்டுக் கேட்கலாம்.