ஓடாத டயருக்கும் வயதாகும்: தைப்பூசத்திற்கு முன் சிறு டிரெய்லர்களையும் பார்ப்போம்

2024 டிசம்பர் 23-ஆம் தேதி இரவு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அலோர் காஜா அருகே நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. லோரி ஒன்றிலிருந்து கழன்று சாலையில் கிடந்த சக்கரத்தில் சுற்றுலாப் பேருந்து மோதியது. கட்டுப்பாட்டை இழந்த அந்தப் பேருந்து எதிர்த்தடத்திற்குள் பாய்ந்ததில் ஏழு உயிர்கள் போயின. 2025 மே மாதம் தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர், அடுத்த மாதம் கிரிக் அருகே உப்சி மாணவர்கள் 15 பேர் என இழப்புகள் தொடர்ந்தன. அரசாங்கத்தின் பார்வை கனரக வாகனங்கள் மீது திரும்பியது. 2025 அக்டோபர் தொடங்கி அவற்றுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இது வரவேற்க வேண்டிய நடவடிக்கை.

ஆனால் அலோர் காஜா சொல்லும் பாடம் பெரிய லோரிகளுக்கு மட்டுமானதா? அன்று இறந்தவர்கள் சக்கரம் கழன்ற வாகனத்தில் இருந்தவர்கள் அல்லர். நம் வண்டியில் உள்ள குறைக்கு இன்னொருவர் குடும்பம் விலை கொடுக்க நேரலாம். கார், வேன் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் சிறு டிரெய்லர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

நம் சமூகத்தில் இந்த டிரெய்லர்கள் இப்போது பெருகி வருகின்றன. உணவு வியாபாரம், கூடாரம் வாடகைக்கு விடுதல், திருமணச் சமையல் என்று சிறு தொழில் செய்வோர் பலர் வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு முகாம் போக கேரவன் வாங்கியவர்களும் உண்டு. தீபாவளிச் சந்தை முடிந்ததும் பல டிரெய்லர்கள் வீட்டு முன்புறம் வெயிலில் நிற்கும். தைப்பூசம் வந்ததும் பத்துமலைக்கோ ஈப்போவுக்கோ பினாங்குக்கோ முழுப் பாரத்தோடு புறப்படும். ஆபத்து தொடங்குவதே இங்குதான்.

தினமும் ஓடும் காரின் டயர் தேய்ந்து போகும். டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே கெட்டுப் போகும். வெயிலும் காற்றும் ரப்பரை இறுகச் செய்து வெடிப்பு விழ வைக்கின்றன. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றால் காற்றும் இறங்கும். மேலே பூ ஆழமாகத் தெரிவதால் “டயர் புதுசுதானே” என்று நினைத்து விடுகிறோம். உள்ளே இருக்கும் கட்டுமானம் தளர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

டயரின் வயதை அறிவது சுலபம். பக்கச் சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். எந்த டயரானாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டாம் என்பது பெரிய தயாரிப்பாளர்கள் தரும் ஆலோசனை. வெயிலில் நிற்கும் டிரெய்லருக்கு ஐந்து, ஆறு ஆண்டுகளிலேயே மாற்றி விடுவது நல்லது. மாற்று டயரையும் இதே கண்ணோடு பாருங்கள்.

அடுத்தது பாரம். டயரில் 175/70ஆர்13 82டி என்று இருந்தால், 82 என்பது பாரக் குறியீடு. அந்த டயர் தாங்கக்கூடியது 475 கிலோ. இரண்டு சக்கர உணவு டிரெய்லர் ஒன்று வெறுமனே 600 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுப்பு, எரிவாயுத் தோம்பு, ஜெனரேட்டர், குளிர்பதனப் பெட்டி, 200 லிட்டர் தண்ணீர் எல்லாம் ஏற்றினால் 1,100 கிலோவை எளிதாகத் தொடும். தண்ணீர் மட்டுமே 200 கிலோ. பத்து விழுக்காட்டைக் கொக்கி தாங்கினாலும் சக்கரங்களுக்கு 990 கிலோ வரும். இரண்டு டயரும் சேர்ந்து தாங்குவதோ 950 கிலோ. குழியில் இறங்கும்போது விழும் அடியை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதனால்தான் கார் டயரை விட, வேன்களுக்குப் போடும் ‘சி’ குறியுள்ள டயர் பொருத்தமானது. 195ஆர்14சி வகையில் பொதுவாக 106/104 என்று இருக்கும். 106 என்றால் ஒரு டயருக்கு 950 கிலோ. ஆனால் அதில் அச்சிட்ட அழுத்தத்திற்குக் காற்று இருந்தால்தான் இந்தத் தாங்குதிறன் கிடைக்கும். பெரும்பாலும் அது 450 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். காருக்கு அடிப்பதுபோல் 220 அடித்துவிட்டுப் போனால், நல்ல டயர் வாங்கியும் பயனில்லை. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறும். அந்தச் சூட்டில்தான் டயர் பிரிந்து வெடிக்கிறது. காற்றைப் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். அந்த அழுத்தத்தை விளிம்பும், பாரத்தை அச்சும் தாங்குமா என்று பொமனிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

அமெரிக்கப் பாணி கேரவன்களில் ‘எஸ்டி’ என்ற குறியோடு டிரெய்லருக்கென்றே செய்த டயர்கள் வரும். பாரத்திற்கு அவை நல்லவை. ஆனால் அவற்றில் பழைய வகைகள் பல மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்திற்கே செய்யப்பட்டவை. நெடுஞ்சாலையில் 110 அனுமதி என்பதற்காக அந்த வேகத்தில் இழுக்கக் கூடாது. இழுவையோடு போகும்போது 80, 90-ஐத் தாண்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம். காரின் டயரில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும். பின்னால் வரும் டிரெய்லரின் டயர் கிழிந்து தொங்கினாலும் ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம்.

“புது டயர் வாங்கக் காசு எங்கே?” என்று சிறு வியாபாரிகள் கேட்பது நியாயமான கேள்விதான். செலவுகள் கூடிவிட்ட காலத்தில் பழைய டயர் கடையும் ‘செலுப்’ டயரும் கண்ணுக்குப் படுவது இயல்பு. மறுரப்பர் இட்ட டயர் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. விமானங்களிலேயே அது பயன்படுகிறது, நம் நாட்டிலும் அதற்கு எம்எஸ் 224 தரநிலை உண்டு. பிரச்சினை, எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டு பழையது என்று தெரியாமல் பளபளவென்று மெருகேற்றி விற்கப்படும் டயர்தான். அது ஒருமுறை வெடித்தால் மட்கார்டும் அடித்தட்டும் கிழியும், அன்றைய வியாபாரமும் போகும். மிச்சம் பிடித்த பணத்தை விட அந்த நட்டம் பெரிது.

வர்த்தக லோரிகளும் பேருந்துகளும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகின்றன. சிறு டிரெய்லர்களின் டயரையும் பாரத்தையும் விழாக்காலச் சோதனைகளில் சாலைப் போக்குவரத்துத் துறை கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அபராதம் போடுவதற்கு முன், இந்த விவரங்களைத் தமிழிலும் துண்டறிக்கையாகக் கொடுத்தால் பலருக்கு உதவும். விழாக்களில் கடை போட இடம் ஒதுக்கும் ஏற்பாட்டுக் குழுக்கள், மின்சார ஒயரையும் எரிவாயுக் குழாயையும் பார்ப்பதுபோல டயரின் தேதியையும் பார்க்கலாம். நம் வணிகச் சங்கங்கள் தைப்பூசத்திற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கினால் போதும். ஒரு பொமனும் ஒரு காற்றழுத்தமானியும் இருந்தால் பத்து வண்டிகளை ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம்.

அதுவரை ஒவ்வொருவரும் செய்யக்கூடியது உண்டு. பக்கச் சுவரில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் அந்த டயரோடு புறப்படாதீர்கள். ஒரே அச்சில் இரண்டு வகை டயர்களைக் கலக்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி நட்டுகளை மீண்டும் முறுக்குங்கள். ஓய்விடத்தில் தேநீருக்கு இறங்கும்போது இரண்டு டயர்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வழக்கத்தை விடச் சூடாக இருந்தால், காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்காதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் காப்பாற்றப்படுவது பின்னால் வரும் முன்பின் தெரியாத ஒரு குடும்பமாகவும் இருக்கலாம்.