உப்பும் பாத்தியதையும்

ஐப்பசி மழை இறங்குவதற்குச் சற்று முன்னால் மரக்காணத்து உப்பளங்களை ஊடறுத்துச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், மேட்டில் குவித்த வெள்ளை அம்பாரங்களின்மீது பனையோலை வேயப்படுவதைப் பார்த்திருப்பார்கள். மாசி, பங்குனியில் தொடங்கி, மேலே சூரியனும் கீழே அதன் பிரதிபிம்பமும் ஒருங்கே சுட, பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரிக் கரைசேர்த்த கைகளுக்கு, அந்த ஓலை ஏறிய நாள் முதல் மறுபடி பாத்திக்கு உவர்நீர் பாயும் நாள்வரை வேலை கிடையாது. அந்த மாதங்களில் அவர்களுக்குச் சேரவேண்டியது எதுவோ, அது பாத்தியதையா, தயவா என்பதே இங்கு என் கேள்வி.

உரிமை, சலுகை என்னும் இரு சொற்களையும் பேதமின்றி வழங்கும் பழக்கம் நமக்குள் வேரூன்றிவிட்டது. பிரஜை என்ற ஒரே காரணத்தால் எவர்க்கும் உரியதாய், மறுக்கப்பட்டால் நியாயஸ்தலத்தில் நின்று கேட்கத்தக்கதாய், ஒருவர் அனுபவிப்பதால் இன்னொருவருக்குக் குறையாததாய் இருப்பது உரிமை. கொடுப்பவர் மனம் இருக்கும்வரை நிலைப்பதும், ஒருவருக்குக் கொடுக்கும் அதே வாக்கியத்தில் மற்றவர்களை வெளியே நிறுத்துவதும் தனிச்சலுகை. இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை அளக்க நம் தேசத்தில் உப்பைவிட ஏற்ற பொருள் வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அனுமதியின்றி உப்பு விளைவிப்பவர்க்குத் தண்டம் விதித்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், வேதம் ஓதியவர், தவசிகள், கூலியின்றி ஊழியம் செய்வோர் ஆகிய மூவகையினர் தங்கள் உணவுக்கு வேண்டிய உப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று இரங்கியது. இரக்கம் உயர்ந்த குணந்தான். ஆயினும் அந்த மூவரில் ஒருவராக இல்லாத ஏழைக்கு அதில் இடமில்லை. பின்னர் வந்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1805-ல் சென்னை ராஜதானியில் உப்பை ஏகபோகமாக்கி, விளைவித்ததையெல்லாம் தான் நிர்ணயித்த விலைக்குத் தன்னிடமே ஒப்படைக்கச் செய்தது. மரக்காணத்துக்குத் தெற்கே அண்டை ஊராகிய புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி இருந்தமையால் அங்கிருந்து உப்பு கசிந்துவிடுமோ என்றஞ்சி, 1815-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே, பிரெஞ்சுப் பிரதேசங்களில் விளையும் உப்பை வாங்கும் பிரத்தியேக அதிகாரத்தையும் பெற்றது. அதன்படி ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தருவதாகவும் ஒப்புக்கொண்டது. கடலும் வெயிலும் தந்ததை விற்கவும் வாங்கவும் இரு ஐரோப்பிய அரசுகள் பேசி முடித்தபோது, பாத்தியில் நின்றவர்களை எவரும் கேட்கவில்லை.

1930-ஆம் ஆண்டின் சத்தியாக்கிரகத்தைத் தண்டியிலும் வேதாரண்யத்திலும் பிடியுப்பு அள்ளிய வீரத்தோடு நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் அதன் பின் 1931 மார்ச் 5-ல் கையெழுத்தான காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் உப்பைப் பற்றிய ஷரத்தை நாம் ஊன்றிப் படிப்பதில்லை. சட்டத்தை மீறியதை ஏற்க முடியாது, நாட்டின் நிதிநிலையில் சட்டத்தைப் பெரிதாகத் திருத்தவும் இயலாது என்று முதலில் கூறிவிட்டு, ஏழை வகுப்பார் சிலருக்கு நிவாரணமாக, உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய கிராமத்தார் வீட்டுச் செலவுக்கும் தங்கள் கிராமத்துக்குள் விற்பதற்கும் உப்பு எடுக்கலாம், வெளியாருக்கு விற்கலாகாது என்று அது அனுமதித்தது. எத்தனையோ வீடுகளின் கஞ்சியில் உப்புச் சேர்த்த அந்த ஷரத்தை நான் குறைத்துப் பேசவரவில்லை. ஆயினும் உப்பங்கழியோரத்து வீட்டார் தாம் எடுத்த உப்பைத் திண்டிவனம் சந்தைக்குக் கொண்டுபோனால் குற்றம் என்பதும், அந்தத் திண்டிவனத்து ஏழைக்கு அந்த நிவாரணமே எட்டாது என்பதும், சிறை சென்றவர்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பதை நமக்குச் சொல்லவில்லையா?

உப்புவரி 1947 ஏப்ரலில் ஒழிந்தது. 10 ஏக்கர் வரை உப்பு விளைவிக்க உரிமம் வேண்டாம் என்று 1948-ல் விதி தளர்ந்தது. 1996-ல் உரிம முறையே நீங்கிற்று. எனவே உப்பு செய்யும் உரிமை இன்று சட்டப்படி நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் உப்பு நிலத்தில்தான் விளைய வேண்டும். மரக்காணத்தின் 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பளங்களில் பெரும்பகுதி மத்திய, மாநில சர்க்கார்களுக்குச் சொந்தமாகி, குத்தகைக்கு விடப்படுவது. ஆக, உரிமை எல்லோருக்கும், பாத்தி சிலருக்கு, உழைப்பு வேறு சிலருக்கு என்று உப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது.

அயோடின் விஷயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கழுத்துக்கழலையையும் குழந்தைகளின் மூளைக் குறையையும் தடுக்க உப்பில் அயோடின் சேர்ப்பதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்கலாகாது என்ற நியாயமான விதி, சேர்க்கும் இயந்திரமில்லாத சிறு உற்பத்தியாளரை, இயந்திரம் உள்ளவரின் வாசலில் அவர் சொல்லும் விலைக்கு நிறுத்தும்போது, அந்த இயந்திரத்தைப் பொதுச்செலவில் உப்பளத்தருகே கொண்டுவருவது சர்க்காரின் கடமையாகிறது.

வேலையற்ற மழைக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் கொண்டுவந்தது. அதைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி கூறுவது முறை. ஆனால் அது அரசாணையால் வந்தது. ஓர் ஆணையால் வந்ததை மற்றோர் ஆணையால் நிறுத்தலாம். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமோ, வேலை கேட்டுப் 15 நாளில் தராவிட்டால் அதற்குப் படி தரவேண்டும் என்று எழுதிற்று. நடைமுறையில் எத்தனை குறை நேர்ந்திருப்பினும், எழுதிய அந்த வரியைக் காட்டிக் கேட்க ஒரு கூலிக்காரருக்கு வழி இருந்தது.

உப்பளத்தில் உழைப்பவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே குத்தகையில் முதலிடம் தரவேண்டும் என்று நான் கூறினால், அதுவும் பிறரை விலக்கும் தனிச்சலுகைதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, நெடுநாள் என்னையும் அலைக்கழித்த கேள்வி. பிறப்பாலோ செல்வத்தாலோ சிலருக்கு மட்டும் திறக்கும் கதவு சலுகையின் கதவு. பாத்தியில் இறங்கி உழைக்க வரும் எவருக்கும் ஒரே விதியால் திறக்கும் கதவை அவ்வாறு சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஆகையால் மழைக்கால உதவி ஒரு சட்டமாகட்டும். தொகை எவ்வளவு, எந்த நாளுக்குள் தரவேண்டும், தராவிட்டால் யாரிடம் முறையிடுவது என்பன அதில் எழுதப்படட்டும். பலகை பிடித்து வாருகிறவரின் பெயரோடு, அந்த உப்பைக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டும் பெண்ணின் பெயரும், கணவன் பெயருக்குக் கீழே ஒதுங்காமல், தனி வரியில் பதிவாகட்டும்.