மேட்டூர் இல்லாத மரங்கள்



திருவாரூர்ச் சீமையில் வாழும் நாம், ஜூன் மாதம் பிறந்தால் வானத்தைவிட மேட்டூரையே மிகுதியாக நினைக்கிறோம். அணை திறந்தால் குறுவை, இல்லையேல் கவலை. காட்டு மரத்திற்கோ மேட்டூரும் இல்லை, வாய்க்காலும் இல்லை. வானம் தருவதே அதன் வரவு. இலை வழியே ஆவியாகிப் போவதே அதன் செலவு. வரவுக்கேற்ற செலவை மரங்கள் அமைத்துக்கொள்ளும் விதத்தைத் தமிழகத்தின் மூன்று காடுகளில் காணலாம்.

முதலாவது, வால்பாறையை அடுத்த சின்னக்கல்லார். தமிழகத்தில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. இத்தகைய மழைக்காடுகளில் நீருக்குப் பஞ்சமில்லை. ஈரம் தங்கி இலைமேல் பாசி படிவதே தொல்லை. ஆகவே பல மரங்களின் இலைநுனி வால்போல் நீண்டு, நீரை வடித்துவிடுகிறது.

இரண்டாவது, நீலகிரி மாவட்டத்து முதுமலை. அங்கு மேற்கே மழை மிகுதி. கிழக்கே மசினகுடியை நோக்கிச் செல்லச் செல்லக் குறைவு. தேக்கு முதலியன வறட்சிக் காலத்தில் இலைகளை உதிர்த்துச் செலவையே நிறுத்திவிடுகின்றன. மழை மேலும் குன்றிய கிழக்கிலோ, இலைகளைப் பொடியாகச் சுருக்கிக்கொண்ட முள்மரங்களே மிகுதி.

மூன்றாவது, நமக்கு அருகிலுள்ள கோடியக்கரை. ஐப்பசி, கார்த்திகை மழையே அதன் பெரும் வரவு. பின்னர் நெடிய வறட்சி. எனினும் அக்காடு ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கிறது! அங்குள்ள பாலை மரத்தைப் பாருங்கள். வேதாரண்யம் பக்கத்தார் விரும்பியுண்ணும் பாலப்பழத்தைத் தருவது இதுவே. இதன் இலை சிறியது, தோல்போல் தடித்தது, நீரை எளிதில் இழக்காதது. வளம் குன்றிய மணலில் ஆண்டுதோறும் புதுத்தழை உண்டாக்குவது பெருஞ்செலவன்றோ? ஆகவே உள்ள இலையையே நெடுநாள் காத்துக்கொள்கிறது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் நம் தோப்புகளையும் கோடியக்கரைக் காட்டையும் ஒருங்கே சிதைத்தது. அக்காட்டிலோ அயல்நாட்டுச் சீமைக்கருவேலமும் புகுந்து பரவியுள்ளது. இழந்ததை ஈடுசெய்ய நாமும் கன்றுகள் நடுகிறோம். ஆனால், அழகுக்காக வாங்கிய மழைநாட்டுக் கன்று சித்திரை வெயிலில் கருகிவிடுகிறது.

ஆதலின் பள்ளிவாசல் வளாகத்திலும், மையவாடியிலும், வீட்டுக் கொல்லையிலும் நடுமுன் நம் ஊர் மழையை எண்ணிப் பாருங்கள். மணற்பாங்கான இடமாயின் பாலை. களிமண்ணாயின் நாவல், புங்கு, பூவரசு. தொடக்கக் கோடைகளில் நீரூற்றிக் காத்தால் போதும்; பின்னர் வரவறிந்து வாழும் வகையை அம்மரங்களே அறியும்.