நூறு யாருடைய சராசரி?

மொழித்திறன் ஆய்வேடுகளில் ஒரு சடங்கு வேரூன்றிவிட்டது. அமெரிக்கக் குழந்தைகளைக் கொண்டு தரப்படுத்திய ஆங்கிலச் சொல்வளச் சோதனையை இந்திய இருமொழிக் குழந்தைகளுக்குக் கொடுப்பர், கிடைத்த சராசரியை 100 என்னும் எண்ணோடு ஒப்பிடுவர், பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கினால் ‘குறைபாடு உறுதி’ என்று முடிப்பர்.

36 குழந்தைகளின் சராசரி 95 எனக் கொள்க. திட்டவிலக்கம் 15, எனவே திட்டப்பிழை 2.5, இசட் மதிப்பு -2, பி-மதிப்பு ஏறத்தாழ 0.046. இன்மைக் கருதுகோள் வீழ்ந்தது. வீழ்ந்தது எது? இக்குழந்தைகள் அந்த அமெரிக்க முழுத்தொகையிலிருந்து சமவாய்ப்பில் எடுக்கப்பட்டவர்கள் என்னும் கூற்று. அதை எவரும் ஒருபோதும் நம்பியதில்லையே!

அதே 5 புள்ளி வேறுபாடு 9 குழந்தைகளிடம் கிடைத்திருப்பின் இசட் மதிப்பு -1 மட்டுமே. ‘வேறுபாடு இல்லை’ என்று அதே கை எழுதியிருக்கும். மாறியது குழந்தைகளின் மொழியா, தலைகளின் எண்ணிக்கையா? ஒரே வகுப்பறையில் அமர்ந்தோர் ஒருவரையொருவர் சாராத மாதிரியும் அல்லர்.

பி-மதிப்பு விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ அளப்பதில்லை என 2016-இலேயே அமெரிக்கப் புள்ளியியல் கழகம் அறிவித்தது. எனினும் வாய்மொழித் தேர்வுகளில் ‘பி எவ்வளவு?’ என்ற கேள்வியே ஒலிக்கிறது. ‘எந்த முழுத்தொகை?’ என்று கேட்பார் அரிது.

வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொன்றுமாகச் சொற்களைச் சேர்க்கும் குழந்தையின் ஒரு பையை மட்டும் எண்ணிவிட்டு அதனை ஏழை என்பது அறிவியலாகாது. ஆய்வேடு பட்டம் பெற்றுத் தரும். ‘குறைபாடு’ என்ற முத்திரையைச் சுமப்பதோ அக்குழந்தை. நெறியாளர்களும் தேர்வாளர்களும் இனியேனும் அந்த இரண்டாம் கேள்வியை முதலில் கேட்கட்டும்.