குதிரைக்கும் விசா வேண்டும்

2023ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிரஸ்ஸாஜ் அணிப்பிரிவில் இந்தியா தங்கம் வாங்கியது. அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா. குதிரையேற்றத்தில் 41 வருஷம் கழித்து வந்த தங்கம். வாழ்த்துச் சொன்ன நம்மாட்களில் பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த நாலு குதிரைகளும் இந்தியாவிலிருந்து போகவில்லை, ஐரோப்பாவிலிருந்து போயின. நால்வரும் வருஷக்கணக்கில் அங்கேயே தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். அவர்கள் உழைப்பில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கேள்வி வேறு.

ஒரு குதிரையைப் போட்டிக்குத் தயார் செய்வது என்றால் என்ன? முதல் சில மாதம் வெறும் நடையும் மெதுவான ஓட்டமும்தான். நெஞ்சும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் உறுதிப்பட அதைவிட அதிக நாள் ஆகும். அவசரப்பட்டால் கால் போச்சு. பிறகுதான் விட்டுவிட்டு வேக ஓட்டம். ஓய்வில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 28 முதல் 44 வரை துடிக்கும் இதயம், ஓடி முடித்ததும் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும். மருத்துவர் முன்னால் குதிரையைக் கையில் பிடித்து ஓட்டிக் காட்டும்போது லேசாக நொண்டினாலும் வெளியேதான்.

இதெல்லாம் நம் ஊரிலேயே செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இடிப்பது கடைசிப் படியில்தான். குதிரைக்குப் பாஸ்போர்ட், அதில் அங்க அடையாளம், தடுப்பூசித் தேதிகள், அப்புறம் தனிமைப்படுத்தல். (நாம் தூதரக வாசலில் நின்றதைவிடக் கஷ்டம்!) கிளாண்டர்ஸ் மாதிரி நோய்கள் தலைகாட்டும் நாட்டுக் குதிரையை மற்ற நாடுகள் லேசில் உள்ளே விடாது. ஆகவே வெளிநாட்டில் குதிரை வாங்கி, அங்கேயே லாயத்துக்கு வாடகை கட்டி, ஆளும் தங்கினால்தான் பதக்கம் என்றாகிவிட்டது. பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தாவில் இரண்டு வெள்ளி வாங்கியதும், டோக்கியோ ஒலிம்பிக்கில் 23வது இடம் பிடித்ததும் ஜெர்மனியில் பயிற்சி எடுத்துத்தான். அதற்கு ஆகும் செலவை எந்த வங்கிக் கடனிலும் அடக்க முடியாது.

1982ல் தில்லியில் தங்கம் வாங்கிய ரகுபீர் சிங் ராணுவக் குதிரைப்படைக்காரர். பணக்கார வீட்டில் பிறக்காதவனுக்குக் குதிரை மேல் ஏற அன்றும் இன்றும் ராணுவம்தான் பெரிய படிக்கட்டு.

2025 ஜூலையில் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மருத்துவ மையத்தை, குதிரை நோய் இல்லாத தனி வளாகமாக உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலேயே வளர்ந்து, இந்தியாவிலேயே பழகிய குதிரை வெளிநாட்டுப் போட்டிக்குப் போக இதனால் வழி திறக்கிறது. இது நல்ல செய்தி. ஆனால் மீரட்டோடு நின்றால் போதாது. பெங்களூர்ப் பக்கமும் இப்படி ஒன்று வரவேண்டும், அது சிவிலியன் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"சோத்துக்கே வழியில்லை, குதிரைக்கு என்னய்யா அவசரம்?" என்று கேட்பீர்கள். கிளாண்டர்ஸ் மனிதனுக்கும் தொற்றும். நோய் வந்த குதிரையைக் கொன்றுதான் ஆகவேண்டும். செங்கல் சூளையில் குதிரையை வைத்துப் பிழைப்பவனுக்கு அது மொத்த முதலும் போன மாதிரி. போட்டிக்காகச் செய்யும் நோய்க் கண்காணிப்பு அவனையும் சேர்த்தே காப்பாற்றும்.

நான் பிறந்தது கோலார் தங்கவயல், நந்திதுர்க். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். பூமிக்கடியிலிருந்து தங்கம் எடுத்தவர்களின் பிள்ளைகள் இன்று விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த ஊரிலேயே குதிரைப் பயிற்சிப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே லாயம் கூட்டும் வேலை நம் பையனுக்குக் கிடைக்கலாம். சேணத்தில் உட்காரும் வாய்ப்பும் கிடைக்க வேண்டும் என்றால், ஐரோப்பாவில் வாடகை கட்டாமலே போட்டிக்குப் போக முடிகிற நிலை வரவேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?