நூற்றில் ஆறு பேருக்குத்தான் கிருமி தெரிந்து மருந்து

2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை, நாட்டின் 20 பெரிய மருத்துவமனைகளில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. உள்நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. 71.9 சதவீதம் பேருக்குக் கொடுக்கப்படுவதாகத் தெரிந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது 55 சதவீதம் பேருக்கு, தொற்று வந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். நோய்க்காகக் கொடுத்ததிலும், எந்தக் கிருமி என்று அறிந்து கொடுத்தது 6 சதவீதம் மட்டுமே.

இதற்காக மருத்துவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. உயிருக்குப் போராடும் நோயாளிக்கு கல்ச்சர் டெஸ்ட் முடிவு வரும்வரை இரண்டு மூன்று நாள் காத்திருக்க முடியாது. அனுபவத்தை வைத்து ஒரு மருந்தை உடனே தொடங்கத்தான் வேண்டும். தவறு அடுத்த கட்டத்தில் நடக்கிறது. முதல் ஊசிக்கு முன் ரத்த மாதிரி எடுப்பதில்லை. எடுத்தாலும், முடிவு வந்த பிறகு வீரியமான மருந்தை நிறுத்தி உரிய மருந்துக்கு மாற்றுவதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு வேளை போதுமான மருந்து நாள்கணக்கில் தொடர்கிறது.

இந்தப் பழக்கத்தின் விலை என்ன? 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாகி உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

நமக்கு எச்சரிக்கை முன்பே வந்தது. 2010இல் என்டிஎம்-1 என்ற மரபணு பற்றிய ஆய்வு வெளியானது. கடைசிக் கட்ட மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் அந்த மரபணு சென்னையில் எடுத்த மாதிரிகளிலும் இருந்தது. பெயரில் புது டெல்லி இருக்கிறதே என்ற கோபம்தான் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆனாலும் 2012இல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச்சில் ஷெட்யூல் எச்1 விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளை விற்கும் மருந்துக் கடை, மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். உங்கள் தெருக் கடையில் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்களா?

கண்காணிப்பிலும் இதே குறைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013இல் தொடங்கிய வலையமைப்பு பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளைச் சார்ந்தது. பல இடங்களில் சிகிச்சை பலிக்காமல் கடைசியில் வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். அந்தக் கணக்கு தாலுகா மருத்துவமனையின் நிலையையோ சிறிய நர்சிங் ஹோமின் நிலையையோ சொல்லாது. நுண்ணுயிரியல் ஆய்வகமே இல்லாத இடத்தில் கணக்கு எங்கிருந்து வரும்?

2024 ஜனவரியில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. ஆன்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டில் குறிப்பிடுங்கள் என்றது. நல்ல கோரிக்கைதான். ஆனால் கோரிக்கையாக மட்டும் இருந்தால் போதாது. மாவட்டத்துக்கு ஓர் ஆய்வகமாவது வேண்டும். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்கிறது என்ற பட்டியலை ஆண்டுதோறும் ஒவ்வொரு மருத்துவமனையும், தனியார் உட்பட, வெளியிடக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. நம் வீட்டு நோயாளிக்கு ஆன்டிபயாடிக் ஏற்றும்போது, "டாக்டர், கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாச்சா?" என்று பணிவாகக் கேட்கலாம். கேட்பது நம் உரிமை.